வாள் தட்டின் கறுப்பை எடுத்தவர்

நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஜப்பானிய அம்மாவின் வாள் தட்டை அசிட்டில் போட்டதும் நீங்கள்தான், மெருகுச் சில்லில் பிடித்து நாசமாக்கியதும் நீங்கள்தான். நான் இல்லை.

உங்கள் கடையின் வெள்ளிவிழா மலரை எனக்கு யாரும் அனுப்பவில்லை. ஸ்காபரோவில் மரக்கறி வாங்கப் போன இடத்தில் வாசலோடு இலவசமாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து காருக்குள் இருந்து வாசித்தேன். உங்கள் கட்டுரை நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஒரு வேலையாள் வருகிறான். கடை தொடங்கிய காலத்தில் அவன் கவனமில்லாமல் ஒரு வெளிநாட்டு அம்மாவின் பரம்பரைப் பொருளைக் கெடுத்துவிட்டானாம். நீங்கள் அவனுக்காகத் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டு, அவனை வேலையிலும் வைத்திருந்தீர்களாம். பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. அந்தக் காலத்தில் உங்கள் கடையில் வேலைமேசைக்கு இருந்த ஆள் நான் ஒருவன்தான் என்பது இங்கே நகை செய்வித்த எல்லோருக்கும் தெரியும்.

நானும் பெயர் போடவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. உங்கள் கடை ஒரு பிளாசாவில், வீடியோக் கடைக்கும் பிளேன் ரிக்கற் போடுகிற கடைக்கும் நடுவில் இருந்தது. நான் யாழ்ப்பாணத்தில் பத்து வருசம் நகைவேலை செய்துவிட்டு வந்தவன். நீங்கள் நகை செய்கிற பத்தர் இல்லை. விற்கத் தெரிந்தவர். நகைவேலையில் உங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: மெருகு மோட்டார். அதை ஓட்டுவதென்றால் உங்களுக்கு ஒரு ஆசை. கோட்டைக் கழற்றிவிட்டு, மோட்டாரில் சுழலுகிற சில்லில் சிவப்பு மெழுகைத் தேய்த்து, காப்பையும் சங்கிலியையும் பிடித்து மினுக்கி, வெளியே கொண்டுபோய் வாடிக்கையாளரின் கையில் நீங்களே கொடுப்பீர்கள். புகழ் உங்களுக்கு வரும். அதைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை.

எங்கள் ஆட்களின் நகைக்கடைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. கொக்கி அறுந்த சங்கிலி வந்தால் கொக்கியை மட்டும் ஒட்டிக் கொடுக்க மாட்டோம். முழுச் சங்கிலியையும் அசிட்டுச் சட்டியில் போட்டு எடுத்து, பூந்திக்கொட்டைத் தண்ணியில் பிரஷால் தேய்த்து, சில்லில் பிடித்துப் புதுசு மாதிரித்தான் கொடுப்போம். மங்கலாகத் திருப்பிக் கொடுத்தால் வேலை செய்யவில்லை என்று நினைப்பார்கள். நானும் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன்தான். அதனால்தான் சொல்கிறேன், தெரியாமல் செய்த பிழை மட்டும் என்றால் எனக்கு உங்களோடு கோபம் இருந்திருக்காது.

அந்த அம்மா ஒரு புதன்கிழமை பின்னேரம் வந்தார். குள்ளமான ஆள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மண்ணிறக் கோட்டு. பிளாசாவுக்கு எதிரே உள்ள அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தவர். பல நாளாகக் கண்ணாடிக்கு வெளியே நின்று நான் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறார். மெஷின் இல்லாமல் சுத்தியலும் உளியும் வைத்து வேலை செய்கிற ஒரு ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். கைப்பையிலிருந்து ஒரு சீலைத்துணிப் பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தார்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் தட்டு. நடுவில் வாள் போகிற துளை, இரண்டு பக்கமும் சின்னதாக இன்னும் இரண்டு துளை. வாளின் அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இது இருக்கும், பிடித்திருப்பவனின் கை அலகில் வழுக்கிப் போகாமல் தடுக்கும் என்று விளக்கினார். அவர்கள் மொழியில் அதற்கு ட்சுபா என்று பெயர்.

நான் அதைக் கையில் வாங்கி, சின்னதைப் பெரிதாகக் காட்டுகிற கண்ணாடிக் குழாயைக் கண்ணில் வைத்தேன். தட்டு முழுக்கக் கறுப்பு. வெறும் கறுப்பு இல்லை. கத்தரிக்காய்த் தோலில் இருக்குமே, கறுப்புக்குள் ஒரு ஊதா, அது. பின்னணி முழுவதும் மீன்சினை மாதிரிச் சின்னச் சின்ன மணிகள், வரிசை பிசகாமல். ஒவ்வொரு மணியும் உளியை வைத்து அடித்த ஒவ்வொரு அடி. ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒரு அடி பிசகினாலும் வரிசை கெட்டுவிடும், ஒன்றும் கெடவில்லை. அதன் மேல் நாணல், வெள்ளியில் ஒரு நிலா, பொன்னில் மூன்று காட்டு வாத்துகள் பறந்துகொண்டிருந்தன. ஒரு வாத்து கழன்று ஆடியது. விரலால் தொட்டால் கையோடு வந்துவிடும்.

அம்மா அந்த வாத்தைத் தொட்டுக் காட்டி, இதை மட்டும் இறுக்கினால் போதும் என்றார். வேறு ஒன்றும் வேண்டாம், இது மட்டும் என்று இரண்டாம் தரமும் சொன்னார். அது என் காதில் விழுந்தது. உங்கள் காதிலும் விழுந்தது. என் தோளுக்குப் பின்னால்தான் நின்றீர்கள். அவர் போனபிறகு தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள்.

"உந்த வாத்துகள்தான் எங்கட பார்க்கிங் முழுக்கப் பேண்டு வைக்குது. உதைப் போய்ப் பொன்னில செய்து வைச்சிருக்கிறாங்கள்."

அதற்கு நானும் சிரித்தேன். அது உண்மை.

அடுத்த நாள் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வெறும் செம்பு இப்படிக் கறுக்காது. நகைவேலைக்காரனுக்கு இருக்கிற குணம், கையில் வந்த உலோகம் என்னவென்று தெரியாமல் இருக்க முடியாது. வாள் போகிற துளையின் உள் விளிம்பில், யாரும் பார்க்க முடியாத இடத்தில், ஊசிமுனையால் ஒரு தூசி அளவு சுரண்டி உரைகல்லில் தேய்த்தேன். இதை நான் செய்தேன். கேட்காமல் செய்தேன், பிழைதான். கல்லில் செம்புக் கோடு விழுந்தது. அசிட் ஒரு துளி விட்டதும் செம்பு கரைந்து போனது. கரைந்த இடத்தில் மயிரிழை மாதிரி மஞ்சள் நின்றது. பொன்.

உங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அண்ணை, இது அழுக்கில்லை. செம்புக்குள்ள கொஞ்சம் பொன் கலந்து, வேணுமெண்டே கறுப்பாக்கியிருக்கினம். நாங்கள் மெருகு போடுற மாதிரி அவையளுக்குக் கறுப்புத்தான் மெருகு."

நீங்கள் கல்லைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "பொன்னைப் போட்டுக் கறுப்பாக்கிற மடையன் எந்த ஊரில இருக்கிறான்? பேய்க்கதை கதையாதை."

அதோடு விட்டிருக்கலாம். போகும்போது இன்னும் ஒன்று சொன்னீர்கள். "பத்தரின்ர கை பொன்னைக் கண்டால் சும்மா இராது எண்டுறது சரிதான்." பகிடியாகத்தான் சொன்னீர்கள். நான் பகிடியாக எடுக்கவில்லை.

வாத்தை எப்படி வைத்தேன் என்பதையும் எழுதுகிறேன், ஏனென்றால் நான்தான் கவனமில்லாதவன் என்று எழுதியிருக்கிறீர்கள். பற்றவைத்தால் அரை மணித்தியால வேலை. நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள். நெருப்புப் பட்டால் கறுப்புப் போய்விடும் என்று நான் மறுத்தேன். வாத்து இருந்த பள்ளத்தைத் துப்புரவாக்கி, அதன் சுவரை உள்ளுக்குச் சரித்து வெட்டி, வாத்தை அதற்குள் இருத்தி, மூங்கில் குச்சியை வைத்து மெல்ல மெல்லத் தட்டி விளிம்பை நெருக்கினேன். வெள்ளிக்கிழமை முழுக்க அதுதான் வேலை. ஒரு மணிகூட நசியவில்லை. முடித்ததும் அந்தச் சீலைத்துணியில் சுற்றி என் மேசை லாச்சியில் வைத்துவிட்டு உங்களுக்குச் சொன்னேன். வேலை முடிந்தது, சனிக்கிழமை பதினொரு மணிக்கு அம்மா வருவா, அதை ஒருவரும் தொடவேண்டாம். நீங்கள் ஓம் என்றீர்கள். மெருகு போடவில்லையோ என்று கேட்டீர்கள். போடக்கூடாது என்றேன்.

இந்த இடத்தில் இன்னொரு விசயத்தையும் சொல்லவேண்டும். அப்போது என் மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். கையில் அடையாள அட்டையோடு, பொலிசும் ஆமியும் சோதனைக்கு எந்த நேரம் வருவார்கள் என்று தெரியாமல் இருந்தாள். அவளை இங்கே கூப்பிட நான் ஸ்பொன்சர் பண்ணியிருந்தேன். அதற்குக் குடிவரவு அலுவலகத்தில் என் வேலைக் கடிதம் ஒன்று கேட்டிருந்தார்கள். நீங்கள் அந்தக் கிழமைதான் அதை ரைப் பண்ணிக் கையெழுத்தும் வைத்தீர்கள். வைத்துவிட்டு, திங்கட்கிழமை தருகிறேன் என்று உங்கள் லாச்சிக்குள் போட்டுப் பூட்டினீர்கள். ஏன் அன்றே தரவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் நான் இல்லை.

சனிக்கிழமை பனி கொட்டியது. மோர்னிங்சைட்டிலிருந்து வந்த பஸ் இடையில் அரை மணித்தியாலம் நின்றது. கடைக்குள் வரும்போது பத்தேகால். கதவைத் திறந்ததும் மோட்டார்ச் சத்தம். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன்.

நீங்கள் சில்லின் முன்னால் நின்றீர்கள். சட்டைக் கையை மடித்திருந்தீர்கள். விரலெல்லாம் சிவப்பு மெழுகு. மோட்டாரை நிறுத்திவிட்டு, பரிசு கொடுக்கிறவர் மாதிரித் தட்டை நீட்டினீர்கள்.

"இப்ப பார். கோயில் செம்பு மாதிரி."

தட்டு சிவந்திருந்தது. கறுப்பு இல்லை. ஊதா இல்லை. அசிட்டில் கிடந்து உரிந்துபோய், வெறும் செம்பு பல்லைக் காட்டியது. அதைக்கூடப் பொறுக்கலாம், நிறத்தைத் திரும்ப ஏற்றுகிற ஆட்கள் எங்கேயாவது இருப்பார்கள். கண்ணாடிக் குழாயை வைத்துப் பார்த்தேன். மணிகளின் தலையெல்லாம் தேய்ந்து மட்டமாகிவிட்டது. நடுவில் இருந்தவை ஒன்றோடொன்று கரைந்து வழுவழுவென்று கிடந்தன. அதைத் திரும்ப ஏற்ற ஒருவராலும் முடியாது. எவனோ ஒருவன் மாதக்கணக்கில் குனிந்திருந்து அடித்ததை நீங்கள் பத்து நிமிசத்தில் வழித்து எடுத்துவிட்டீர்கள். வாத்து மட்டும் இருந்தது. அந்தச் சில்லின் வேகத்திலும் நான் வைத்த வாத்து அசையவில்லை.

நான் சத்தம் போட்டேன். உங்களுக்கு முன்னால் நான் சத்தம் போட்டது அன்றுதான் முதல்தரம். ஏன் தொட்டீர்கள் என்று கேட்டேன். அவ சந்தோசப்படட்டும் என்றுதான், காசு வாங்காமல் செய்தேன், நாலு ஜப்பான்காரரைக் கூட்டிக்கொண்டு வருவா என்று சொன்னீர்கள். அது உண்மையாகவே உங்கள் எண்ணமாக இருந்தது. நான் நம்புகிறேன். ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் உங்களுக்கும் விளங்கிவிட்டது. தட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, வைத்துவிட்டு, கை கழுவப் போனீர்கள். அந்த மெழுகு ஒரு கழுவலில் போகாது. நகக்கண்ணுக்குள் நிற்கும்.

பத்தரை. அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்து இன்னொரு நாள் வரச் சொல்லுவோம் என்றேன். எடுத்து என்ன சொல்கிறது என்றீர்கள். நடந்ததைச் சொல்லுவோம் என்றேன். நீங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டீர்கள். கடைக்குள் மேலும் கீழும் நடந்தீர்கள். வழக்குப் போடுவாவோ என்று என்னைக் கேட்டீர்கள். எனக்கு எப்படித் தெரியும். பத்தே முக்காலுக்குக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். அந்த மண்ணிறக் கோட்டு பனிக்குள் றோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தது. நேரத்துக்கு முன்னமே வருகிற ஆள்.

நீங்கள் கிட்ட வந்தீர்கள். தாழ்ந்த குரலில்தான் கதைத்தீர்கள்.

"நீ செய்ததெண்டு சொல்லு."

நான் விளங்காமல் பார்த்தேன்.

"வேலைக்காரன் செய்தால் பிழை. முதலாளி செய்தால் கடையே போச்சு. உன்னை ஒண்டும் செய்யமாட்டா, நான் பாக்கிறன்."

"நான் தொடவேண்டாமெண்டு சொன்னனான் அண்ணை."

"உரைகல்லில போட்டனிதானே? அதையும் சொல்லட்டோ?" பிறகு லாச்சிப் பக்கம் ஒருதரம் பார்த்தீர்கள். "உன்ர மனுசின்ர கடிதம் உதுக்குள்ளதான் கிடக்கு. நான் கிழிக்கிற ஆளில்லை. நீயும் யோசி."

கதவு மணி அடித்தது.

அந்த அம்மா கோட்டிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, சிரித்துக்கொண்டு வந்தார். நீங்கள் தட்டை வெல்வெட் துணியில் வைத்து அவர் முன்னால் தள்ளினீர்கள். அவர் தொடவில்லை. கண்ணாடி மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வீடியோக் கடையிலிருந்து பாட்டுச் சத்தம் சுவரால் வந்துகொண்டிருந்தது. அவர் அழவில்லை, ஏசவில்லை. நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். இதை யார் செய்தது?

நீங்கள் கதைக்கவில்லை. மற்ற நேரமெல்லாம் என்னைக் கதைக்க விடாத ஆள், அன்று வாயை மூடிக்கொண்டு நின்றீர்கள்.

நான்தான் என்றேன். மன்னிக்கவேண்டும் என்றும் சொன்னேன். எனக்கு வந்த ஆங்கிலத்தில் இரண்டு வசனம். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு வாய் திறந்தது. புது ஆள், ஊரிலிருந்து வந்தவன், தெரியாது என்று என்னைக் காட்டிக் காட்டிச் சொன்னீர்கள். சங்கிலி ஒன்றை எடுத்து நட்டஈடாக நீட்டினீர்கள். அவர் அதைப் பார்க்கவே இல்லை. தட்டைத் தன் சீலைத்துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். போகும்போது என்னைத்தான் பார்த்தார்.

திங்கட்கிழமை கடிதம் தந்தீர்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள், அதையும் எழுதிவிடுகிறேன். எட்டு மாதத்தில் மனைவி வந்து இறங்கினாள்.

ஆனால் அந்த எட்டு மாதத்துக்குள் கதை எல்லா நகைக்கடைக்கும் போய்விட்டது. நான் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது. மிச்சம் யார்? நான் வேறு இடத்தில் வேலை கேட்டுப் போனபோது ஒரு முதலாளி சிரித்துக்கொண்டே கேட்டார், "அசிட்டண்ணையோ?" அந்தப் பெயர் ஒட்டிவிட்டது. தாலி செய்யக் கொடுக்கிறவர்கள் என் கையில் கொடுக்க யோசித்தார்கள். நகைவேலைக்காரனுக்கு வேறு என்ன இருக்கிறது, கையை நம்பித்தானே பொன்னைக் கொடுக்கிறார்கள். இரண்டு வருசம் பார்த்தேன். பிறகு கார்ப் பாகங்களுக்கு நிக்கல் பூசுகிற தொழிற்சாலைக்குப் போனேன். வேலையை விட்டு நிற்கும்வரை அங்கேதான்.

மனைவி வந்த மூன்றாம் கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். கடைப் பற்றுச்சீட்டில் வீட்டு இலக்கம் இருந்தது. கதவைத் திறந்தவர் ஆச்சரியப்படவில்லை. தேத்தண்ணி வைத்தார். தட்டு யன்னலோரம் ஒரு துணியில் கிடந்தது. வெறும் செம்பு அங்கங்கே தவிட்டு நிறமாக மாறத் தொடங்கியிருந்தது. ஜப்பானோடு யுத்தம் நடந்த நேரம், ஜப்பானியர் என்பதற்காக அவர்கள் குடும்பத்தை இந்த நாட்டு அரசாங்கம் கடற்கரையிலிருந்து வெளியேற்றியபோது, வாளைப் பொலிசிடம் ஒப்படைக்க முதல் நாள் தகப்பன் இதைக் கழற்றி இவருடைய காலுறைக்குள் வைத்துத் தைத்தாராம். வாள் திரும்ப வரவில்லை.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். நான் செய்யவில்லை, முதலாளி செய்தார், மனைவியைக் கூப்பிடுகிற கடிதத்துக்காகப் பொய் சொன்னேன்.

அவருக்குத் தெரியும் என்றார். அன்றே தெரியுமாம். உங்கள் நகமெல்லாம் சிவப்பாக இருந்தது, என்னுடையது இல்லை. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது என்றார்.

பிறகு ஏன் கேட்டீர்கள் என்றேன்.

"தெரிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை. யாராவது ஒருவர் உண்மையைச் சொல்வீர்களா என்று பார்த்தேன்."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். மனைவி வந்துவிட்டாளா என்று கேட்டார். ஓம் என்றேன். நல்லது என்றார். கொஞ்சம் பொறுத்து, வரும் சனிக்கிழமை தன்னோடு கடைக்கு வந்து உங்களுக்கு முன்னால் இதைச் சொல்வேனா என்று கேட்டார். பணம் வேண்டாம், வழக்கு வேண்டாம், சொன்னால் போதும்.

நான் முடியாது என்றேன். கடிதத்தில் நீங்கள் என் சம்பளத்தைக் கூட்டிப் போட்டிருந்தீர்கள், என் கைக்கு வந்தது அதைவிடக் குறைவு. நீங்கள் அதை ஒரு வார்த்தை சொன்னால் மனைவியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். அந்தப் பயம் சரியோ பிழையோ, இன்றுவரை தெரியாது. அவர் வற்புறுத்தவில்லை. கதவு வரை வந்து வழியனுப்பினார். அடுத்த வருசம் போனேன். அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

இவ்வளவு காலமும் நான் இதைப் பற்றிக் கதைக்கவில்லை. பொய் சொன்னது நான், அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீங்களும் மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் நீங்கள் அதை எடுத்து, கழுவி, மினுக்கி, உங்கள் பெருந்தன்மைக்குச் சாட்சியாக அச்சில் போட்டீர்கள். என் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அது ஒன்றுதான் ஆறுதல். என் மனைவிக்குத் தெரியும். வாசித்துவிட்டு, இது நீங்களோ என்று கேட்டாள். தன் கடிதத்துக்கு நான் என்ன கொடுத்தேன் என்று அவளுக்கு அன்றுதான் சொன்னேன்.

அடுத்த மாதம் வர்த்தகர்களின் விருந்தில் உங்களுக்கு விருது கொடுக்கிறார்களாம். ரிக்கற் எடுத்திருக்கிறேன், முன்வரிசையில் இருப்பேன். எனக்கு ரெலிபோன் எடுக்காதீர்கள். நடுவில் ஆள் விடாதீர்கள், வீட்டுக்கு வந்து சமாதானம் கதைக்காதீர்கள். நான் சொன்ன பொய்யை இங்கே என் கையாலேயே எழுதிவிட்டேன். இனி உங்கள் முறை. மேடையில் ஏறினதும், நன்றி சொல்ல முதல், அத்தனை பேருக்கும் கேட்கச் சொல்லுங்கள்: அன்று காலை அந்தச் சில்லின் முன்னால் நின்றது யார்?